பதினொரு கச்சான், மூன்று படலை

நவம்பர் 14, வியாழக்கிழமை. காலை 5.35க்குப் பால் சேகரிப்பு நிலையத்தைத் திறந்தேன். 5.40க்குக் கான்களைச் சுடுதண்ணீரில் கழுவினேன். 5.45க்கு ஏ-ஒன்பது வீதியில் வவுனியாவுக்கான முதல் பஸ் போனது. 5.50க்கு மேசையில் பதிவுக் கொப்பி, பேனை, பால்மானி, உயரமான கண்ணாடிக் குவளை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வெளியே தூறல்.

வழக்கமாக 6.10க்கு வரும் பாக்கியம் மச்சாள் அன்று 5.51க்கே வந்துவிட்டார். என் கணவரின் மூத்த அக்கா. கோயில் திருவிழாவுக்கு மட்டும் எடுக்கும் மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தார். பாலை ஊற்றும்போது கொஞ்சம் மேசையில் சிந்தியது. பதினான்கு வருடத்தில் மச்சாளின் பால் சிந்தி நான் கண்டதில்லை.

"என்ன மச்சாள், பயமே?"

"பயமில்லையடி. அவசரம். பெட்டி ஏழு மணிக்குத்தானே திறப்பினம்?"

அன்று பாராளுமன்றத் தேர்தல்.

இந்தத் தொடரில் சென்ற கிழமை மாட்டுக் காய்ச்சல் பற்றி எழுதினேன். கனகராயன்குளத்தில் அதைவிடக் கெதியாகப் பரவியது அந்த நவம்பர்க் காய்ச்சல்தான். எனக்கும் பிடித்திருந்தது. அதை இப்போது ஒழுங்காக எழுதுகிறேன்.

கல்லுக்கு அந்தப் பக்கம்

மச்சாளுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அதில் ஆள் உயரத்துக்குப் பற்றை. வெட்டி, எரித்து, இரண்டு மாரிக் காலபோகத்தில் நெல் விதைத்தார். மூன்றாவதுக்கு உழவு இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டு வந்த அன்று, வயலின் இந்தப் பக்க வரம்பில் வெள்ளை எல்லைக்கற்கள் வரிசையாக நின்றன. அந்தப் பக்கம் காடு என்று வன அதிகாரிகள் அறிவித்துவிட்டார்கள்.

அவருடைய மாடு கல்லைத் தாண்டிப் போய் மேயும். அவர் தாண்டினால் வழக்கு.

மச்சாளுக்கு அறுபத்தொரு வயது. "சாகிறதுக்கு முன்னம் அதில ஒரு போகம் வெட்டோணும்" என்பார். அவருக்குத் தேர்தல் என்றால் அதுதான் கேள்வி. இந்த முறை யாருக்குப் போட்டால் அந்தக் கல் நகரும்?

தலையை வெட்டிய தாள்கள்

தேர்தலுக்கு முந்திய சனிக்கிழமை நான் ஒரு வேலை செய்தேன். பால் நிலையத்தில் பிறந்த யோசனை அது.

நான் பாலை முகம் பார்த்து வாங்குவதில்லை. சொந்த மச்சாள் கொண்டு வந்தாலும் குவளையில் ஊற்றி மானியை விட்டுத்தான் பார்ப்பேன். ஆனால் வரிசையில் நின்றவர்கள் கட்சிகளைப் பற்றிக் கதைத்ததெல்லாம் முகக்கதை. இவர் சிரிக்கிறார், அவர் முறைக்கிறார், இவரின் மனுசி அடக்கமானவா, அவர் கறுத்தக் கண்ணாடி போடுகிறார். கட்சிக்காரர் தந்துவிட்டுப் போன தேர்தல் விஞ்ஞாபனங்கள் பால் கான்களுக்கு அடியில் ஈரம் உறிஞ்சிக்கொண்டு கிடந்தன.

அதில் மூன்றை எடுத்து, தலைவர்களின் பெயர், படம், சின்னம் எல்லாவற்றையும் நீக்கி, என் கையெழுத்தில், ஒரே நீல மையில், ஒரே அளவுத் தாளில் எழுதினேன். அ, ஆ, இ என்று தலைப்பிட்டேன். சின்னங்களை இங்கே மாற்றித்தான் சொல்கிறேன். அ சுளகு, ஆ வாளி, இ உரல் என்று வையுங்கள்.

அ தாளின் மூலத்தில் தலைவரின் பெயர் பத்தொன்பது தடவை வந்திருந்தது. அதையெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சியது அரைப் பக்கம்.

பால் லொறி 8.05க்குப் போனது. 8.10க்கு வாசிக்கத் தொடங்கினேன். பதினொரு பேர் நின்றார்கள். மாதிரிப் பால் எடுக்கும் மூன்று போத்தல்களில் எழுத்து ஒட்டி வைத்தேன். ஆளுக்கொரு கச்சான் கடலை கொடுத்தேன். எந்தத் தாள் பிடிக்கிறதோ அந்தப் போத்தலுக்குள் போடவேண்டும்.

"கச்சானைத் திண்டுபோட்டால் என்ன செய்யிறது, தங்கச்சி?" என்று கேட்டார் சபாநாதன் அண்ணை. இரண்டு மாடு வைத்திருப்பவர். ஊரில் சுளகுக் கட்சிக்கு அவரைவிடப் பெரிய விசுவாசி இல்லை.

"அது செல்லாத வாக்கு, அண்ணை."

ஆ தாளில் ஒரு வரி இருந்தது. இடம்பெயர்வுக்கு முன் பயிர் செய்யப்பட்ட காணிகள் என்று காட்டக்கூடியவை எல்லைக்கற்களுக்குள் இருந்தால், ஒரு வருடத்துக்குள் அளந்து உரியவரிடம் கொடுக்கப்படும். அதை நான் வாசித்தபோது மச்சாள், "திருப்பி வாசி" என்றார். திருப்பி வாசித்தேன். "இன்னொருக்கா." மூன்றாம் தடவை வாசித்து முடிய முன்னமே அவருடைய கச்சான் போத்தலுக்குள் விழுந்தது.

எண்ணினேன். அ: ஒன்று. ஆ: ஒன்பது. இ: ஒன்று.

இப்படி ஒரு முடிவை நான் எதிர்பார்க்கவில்லை. பெரிய ஆராய்ச்சிக்காரி மாதிரி எழுந்து நின்று, "ஆ எண்டது வாளி" என்றேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

"அந்தக் கறுத்தக் கண்ணாடிக்காரன்ர பேப்பரே இது?" சபாநாதன் அண்ணை போத்தலுக்குள் விரலை விட்டார். "என்ர கச்சானைத் தா பிள்ளை, நான் தின்னப்போறன்!"

"நீங்கள் ஆவுக்கோ போட்டனீங்கள் அண்ணை? ஊரெல்லாம் சுளகு சுளகெண்டு கத்திப்போட்டு?" இது நிரோஜா. மச்சாளின் பக்கத்து வீட்டுக்காரி, முன்பள்ளி ஆசிரியை.

"நீ சும்மா இரு. பால் விலை எண்டு கிடந்திது, போட்டுட்டன்."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை.

கறக்காத பால்

அவர் என்னிடம் சொன்னதை அன்றைக்கே டயறியில் எழுதி வைத்தேன். அதனால் சொல்லுக்குச் சொல் தரமுடியும்.

"ஜெசிந்தா, உன்ர மானி கறந்த பாலுக்குச் சரி. இது இன்னும் கறக்காத பால். கறக்காத பாலுக்கு மானி விடேலுமே? மாட்டைத்தான் பாக்கலாம். கறக்கிறவன்ர கையைத்தான் பாக்கலாம்."

அந்தக் குழப்பம் எனக்குப் புதிதல்ல.

என் அப்பா முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுத்தவர். ஒவ்வொரு பருவமும் எந்தச் சம்மாட்டியிடம், அதாவது வலைச் சொந்தக்காரரிடம், போவது என்று வீட்டில் ஒரு கிழமை சண்டை நடக்கும். வலை நல்லது என்று ஒருவரிடம் போனால் அவர் மீனைப் பங்கு பிரிக்கும்போது எங்களுக்குக் குறைத்துவிடுவார். மனுசன் நல்லவர் என்று இன்னொருவரிடம் போனால் வலை கிழிந்திருக்கும். அப்பா வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே இருந்தார். அம்மா ஒருமுறை, "நீங்கள் கடலுக்குப் போறியளோ, கலியாணப் பேச்சுக்குப் போறியளோ?" என்று கேட்டார்.

மறுபக்கமும் எனக்குத் தெரியும். அரசாங்கம் இரசாயனப் பசளையை நிறுத்திய அந்தக் காலபோகத்தில் எங்கள் வயல் முழுக்க மஞ்சளித்தது. அந்த முடிவை எடுத்தவர்களுக்கு எங்கள் ஊரில் வாக்குப் போட்டவர்கள் குறைவு. அவர்களின் விஞ்ஞாபனத்தை வாசித்தவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் பயிர் அதைக் கேட்டுக்கொண்டு மஞ்சளிக்கவில்லை. தாளில் எழுதப்படுவதும் ஒருநாள் வயலுக்கு வந்து சேர்கிறது.

மச்சாள் வாளியை வெறுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. "அவன் முந்தியும் வந்து, பள்ளிக்கூட மைதானத்தில நிண்டு, வாற காலபோகத்துக்கு முன்னம் கல்லைப் பிடுங்குவன் எண்டவன். பிடுங்கினவனே? நீயும் பக்கத்திலதானே நிண்டனீ."

நானும் நின்றேன். எனக்கும் நல்ல ஞாபகம். அதை நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். எதிலும் திகதி வேண்டும் என்பது என் பழக்கம். எனவே அன்று பின்னேரம் அலுமாரியைத் திறந்து பழைய டயறிகளை இறக்கினேன்.

என் கையெழுத்து

இரண்டு மணித்தியாலம் தேடினேன். முதலில் கிடைத்த பக்கம் இது:

"பி.ப. 4.20. பாடசாலை மைதானம். சுளகுத் தலைவரின் கூட்டம். அடுத்த காலபோகத்துக்கு முன் எல்லைக்கற்கள் அகற்றப்படும் என்றார். பாக்கியம் மச்சாள் எழுந்து நின்று கைதட்டினார். மழை வந்து கூட்டம் கலைந்தது."

பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு பக்கம்:

"மு.ப. 11.05. வாளித் தலைவர் இவ்வழியாகப் போனார். சந்தியில் வாகனம் நின்றது. இறங்கவில்லை. கல்லைப் பற்றி எதுவும் சொல்லவில்லை."

இரண்டு பக்கங்களையும் திரும்ப வாசித்தேன்.

சொன்னவர் சுளகு. சொல்லாதவர் வாளி. எங்களுக்குப் பிடித்தவர் செய்யாமல் விட்டதை, பிடிக்காதவரின் தலையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து தூக்கி வைத்திருக்கிறோம். ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை. நிமிடம் பிசகாமல் எழுதி வைத்த நானும் சேர்ந்துதான் வைத்திருக்கிறேன்.

காட்டுவதா விடுவதா? மச்சாளுக்குச் சுளகுத் தலைவரைப் பிடிக்க வலுவான காரணம் இருந்தது. பெருவெள்ளம் வந்த மார்கழியில் அவர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, மச்சாளின் கையைப் பிடித்து, "சாப்பிட்டனீங்களோ அம்மா?" என்று கேட்டவர். அந்த ஒரு கேள்வியை மச்சாள் எத்தனையோ வருடமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அதன்மேல் நான் ஏன் கொப்பியைத் தூக்கிப் போடவேண்டும்?

இரண்டு நாள் சொல்லவில்லை. திங்கட்கிழமை பின்னேரம் என் கணவர்தான், "காட்டிறதெண்டா இண்டைக்குக் காட்டும். இண்டையோட பிரசாரம் முடியுது. நாளைக்குக் காட்டினீரெண்டா பொலிஸ் வந்து கொப்பியைக் கொண்டு போகும்" என்றார்.

காட்டினேன்.

மச்சாள் கண்ணாடியைப் போட்டு, விரலை வரிக்குக் கீழே வைத்து வாசித்தார். கைதட்டினார் என்ற இடத்தில் விரல் நின்றது.

"எழும்பி நிண்டே தட்டினனான்?"

"ஓம் மச்சாள். அப்பிடித்தான் எழுதியிருக்கிறன்."

"வெள்ளத்துக்க வந்தது? அதுவும் பிழையோ?"

அந்த டயறியையும் எடுத்தேன். வெள்ளத்தில் வந்தவர் சுளகுத் தலைவர்தான். நேரம் கூட இருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டதும் இருந்தது.

"அப்ப ரெண்டும் மெய்" என்றார் மச்சாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "சாப்பிட்டியோ எண்டு கேட்டவனும் அவன்தான். விதைக்க விடாதவனும் அவன்தான்."

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரேயொரு சந்தேகம் மட்டும். கட்சிச் சின்னத்தை விட்டுவிட்டு, கீழே இருக்கிற, வேட்பாளரைத் தெரிவு செய்யும் விருப்பு இலக்கத்துக்கு மட்டும் புள்ளடிக் குறி போட்டால் என்ன?

"செல்லாது, மச்சாள். முதல் சின்னத்துக்குப் போடோணும். போட்டாத்தான் இலக்கத்தை எண்ணுவினம்."

"ஆளை வேணுமெண்டால் தலைவனையும் சேத்து எடுக்கோணுமோ?"

"ஓம்."

"இதென்ன, கலியாணம் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வாக்குச்சீட்டு மாதிரிக் கோடு போட்டுக் கொடுத்தேன். நாலு தடவை புள்ளடி போட்டுப் பழகினார். எந்தச் சின்னத்துக்கு என்று பார்க்கவில்லை. வேண்டுமென்றே யன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. அவருடைய பால் நிரோஜாவின் கையில் வந்தது. வவுனியாவுக்குக் கண் கிளினிக்குக்குப் போயிருக்கிறார் என்றாள். செவ்வாயில் கண் கிளினிக் இல்லை என்று எனக்குத் தெரியும். கொப்பியில் கேள்விக்குறி ஒன்று போட்டுவிட்டு இருந்துவிட்டேன்.

வரிசை

மறுபடி வியாழக்கிழமை. பால் வேலை முடித்து 8.25க்கு, எனக்காகக் காத்து நின்ற மச்சாளும் நானும் பாடசாலைக்கு நடந்தோம். எங்களுக்கு முன்னே இருபத்தேழு பேர். ஒருவரும் கட்சி பேசக்கூடாது. அதனால் எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகப் பேசியதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

சபாநாதன் அண்ணை வெளியே வரும்போது, மை பூசிய சின்னவிரலைக் காட்டிவிட்டு என் காதில், "கச்சான் போட்ட போத்தலிலயோ, இல்லையோ, சொல்லமாட்டன்" என்றார்.

எனக்கு முன்னால் மச்சாள் மறைப்புக்குள் போனார். ஒரு நிமிடம். இரண்டு. உத்தியோகத்தர் செருமினார். உள்ளேயிருந்து, "பொறுங்கோ தம்பி, சும்மா விசயமே இது?" என்று குரல் வந்தது. வரிசை குலுங்கிச் சிரித்தது. மூன்றாவது நிமிடம் வெளியே வந்து, மடித்த தாளைப் பெட்டிக்குள் போட்டு, அது முழுவதும் விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார்.

என் முறை வந்தபோது தாளை விரித்து, பென்சிலை எடுத்தேன். என் வாழ்நாளில் எத்தனையோ தடவை அந்த மறைப்புக்குள் நின்றிருக்கிறேன். எப்போதும் முகத்துக்குத்தான் போட்டிருக்கிறேன் என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. அன்று முதன்முறையாகத் தாளுக்குப் போட்டேன்.

திரும்பி வரும் வழியில் மச்சாளிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"நான் முகத்துக்கும் போடேல்லை. பேப்பருக்கும் போடேல்லை."

"பிறகு?"

"செவ்வாய்க்கிழமை வவுனியாவில மூண்டு கட்சி வேட்பாளர் வீட்டுக்கும் போனனான். மூண்டு வாசல் படலையையும் தட்டினனான். வயலின்ர பழைய உறுதிப் பத்திரமும் கொண்டு போனனான்."

நான் நடுவீதியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்தார்.

"ஒரு வீட்டில நாய் மட்டும் வந்திது. ஒரு வீட்டில தேர்தல் முடியட்டும், பிறகு வாங்கோ எண்டவை. ஒரு வீட்டில சோத்துக் கையோட வெளிய வந்து, மற்றக் கையால உறுதியை வாங்கி, கடைசி வரி வரைக்கும் வாசிச்சவை. நான் நம்பினது அந்தக் கையை. நீ சொன்னபடியால், இலக்கத்தோட சின்னத்துக்கும் ஒரு புள்ளடி."

"ஆற்ற வீடு மச்சாள் அது?"

"அதைச் சொன்னா ஆருக்குப் போட்டனான் எண்டும் சொன்னதாப் போயிடும். உன்ர கொப்பிக்கு அது வேண்டாம்."

சொல்லிவிட்டு இரண்டடி நடந்தார். திரும்பினார்.

"கொப்பிக்கு வேற ஒண்டு இருக்கு. அந்த ஆ பேப்பரில இருந்த கல்லு வரியை மட்டும் தனிய எழுதித் தா. தலைவர் பேர் வேண்டாம், சின்னம் வேண்டாம். வரி மட்டும். மூண்டு பிரதி. ஆர் வெண்டாலும் நாளைக்குக் காலமை முதல் ஆளா நான் படலையில நிப்பன். மாலை போடுற ஆக்கள் வந்தா என்னைக் கிட்டவும் விடாயினம்."

வெள்ளி

நவம்பர் 15, காலை. முதல் வேலையாக நான் நிலையத்தைத் திறக்கவில்லை.

5.05க்கு மச்சாள் எங்கள் படலையில் நின்றார். முதல்நாள் கட்டிய மாம்பழ நிறச் சேலை, பிளாஸ்டிக் பையில் உறுதி. குசினி மேசையில் விளக்கைப் போட்டு எழுத உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு வானொலி முடிவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தது. என் காது அங்கே போனது.

"அதைக் கேட்டுக்கொண்டு எழுதாதை. பிழை விடுவாய்" என்றார் மச்சாள். எழும்பிப் போய் எங்கள் யன்னலைச் சாத்தினார்.

மூன்று தாள். ஒரே நீல மை. ஒரே வரி. கீழே, இரண்டு ஏக்கர், மச்சாளின் பெயர், கல் நட்ட காலபோகம். அவர் மூன்றிலும் கையெழுத்திட்டார்.

5.45க்கு வீதியில் வவுனியா பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது. மச்சாள் மை பூசிய கையையே நீட்டி மறித்தார்.

நிலையம் திறந்த நேரம் 5.52. கானோடு காத்து நின்ற சபாநாதன் அண்ணை கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பதினேழு நிமிசம், தங்கச்சி" என்றார். கொப்பியில் தாமதத்துக்கான காரணம் என்று ஒரு நிரல் இருக்கிறது. பதினான்கு வருடமாக வெறுமையாகக் கிடந்த நிரல். அதில் எழுதினேன்: மச்சாளைப் பஸ் ஏற்றியது.